பக்கத்து வீட்டு மரக்கிளை நம் பக்கம் நீண்டால் நாமே வெட்டலாமா?

பக்கத்து வீட்டு மரத்தின் கிளைகள் சுவரைத் தாண்டி உங்கள் மாடி மேல் கவிந்திருக்கின்றன, இரண்டு வருடமாகச் சொல்லியும் அவர் வெட்டவில்லை, "என் மரத்தில் கை வைத்தால் கேஸ் போடுவேன்" என்கிறார், நானே வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உங்கள் பக்கம் விழும் பழங்கள் யாருக்குச் சேரும், வேரால் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதே அந்தச் செலவை யார் தருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வெட்டலாமா என்பதைவிட, வெட்டினால் நான் மாட்டிக்கொள்வேனா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் பயம் என்று படுகிறது. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பல நாடுகளில் வெட்டலாம், எல்லைக்கோடு வரை. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேலாக உரிமையியல் வழக்குகள் நடத்தி வருகிறேன், சில வருடங்களாகச் சமரசப் பேச்சும் நடத்துகிறேன். அக்கம்பக்கத்துச் சண்டை என்று என்னிடம் வந்தவற்றில் மரத்தைப் பற்றியவை நிறைய. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் ஆங்கிலேயச் சட்ட மரபு வழி வந்த நாடுகளுக்குப் பொதுவாக உள்ளதை முதலில் சொல்கிறேன், வேறு நாடுகளில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

அடிப்படை விதி 1894-இல், அந்நாளில் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் இருக்கிறது. ஒருவருடைய பழைய பெரிய மரங்களின் கிளைகள் பக்கத்து நிலத்தின் மேல் நீண்டிருந்தன. பக்கத்து நிலக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டார். மரத்துக்காரர் வழக்குப் போட்டார். உன் நிலத்தின் மேல் நீண்ட கிளையை, உன் நிலத்தில் நின்றபடியே, எல்லைக்கோடு வரை வெட்டுவதற்கு முன்னறிவிப்புகூடத் தேவையில்லை என்று முடிவானது. அந்தக் கிளைகள் பல காலமாக அப்படியே இருந்தன என்ற வாதமும் எடுபடவில்லை. கிளை நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருப்பது. இருபது வருடத்துக்கு முன் இருந்த கிளையும் இன்று இருக்கும் கிளையும் ஒன்றல்ல. அதனால் நடைபாதைக்கும் சன்னல் வெளிச்சத்துக்கும் கிடைப்பதுபோல் நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமை கிளைக்குக் கிடைக்காது. வேருக்கும் இதே விதிதான். ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "எத்தனையோ வருடமாக இப்படித்தானே இருக்கிறது" என்று சொன்னால், அதற்குச் சட்டத்தில் பலம் குறைவு.

இந்த உரிமையை நம்பி அரிவாளோடு இறங்கியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதை இனி சொல்கிறேன். முதல் இடம் அந்த எல்லைக்கோடுதான். சுவரும் எல்லையும் ஒன்று என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரை முழுக்க ஒருவருடைய நிலத்துக்குள் தள்ளிக் கட்டியிருக்கலாம், பழைய வேலியை யாரோ நகர்த்தி நட்டிருக்கலாம். என் கட்சிக்காரர் ஒருவர் சுவரை அளவாக வைத்து நான்கு பெரிய கிளைகளை வெட்டினார். வழக்கு வந்த பிறகு நில அளவையர் வந்து அளந்தபோது சுவரே இரண்டடி இவர் பக்கம் தள்ளி இருந்தது, அந்த இரண்டடியும் இவருடையது. அதிர்ஷ்டவசமாகத் தப்பித்தார். அதே இரண்டடி எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் நஷ்டஈடு கொடுத்திருப்பார். அப்புறம், மரம் யாருடையது என்பதை அடிமரம் மண்ணுக்குள் இறங்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. அடிமரம் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றால் பல நாடுகளில் அது இருவருக்கும் பொதுச் சொத்தாகிவிடும், மற்றவர் சம்மதமில்லாமல் அதை வீழ்த்த முடியாது. அவருடைய மரம் சுவரை ஒட்டியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏணியை அவர் பக்கம் ஊன்றுவது, சுவர் மேல் ஏறி அந்தப் பக்கம் சாய்ந்து அறுப்பது, வெட்டும்போது கிளை அவர் கூரை மேல் விழுவது, இவை எல்லாம் உங்கள் உரிமைக்கு வெளியே. உள்ளே போய்தான் வெட்ட முடியும் என்றால் அவரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். கேட்காமல் போனால், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து அத்துமீறியவர் நீங்கள்.

இங்கே இன்னொன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் சட்டம் வேறு. அங்கே உரிமையியல் சட்டத்தின் 673-ஆவது பிரிவுப்படி, எல்லை தாண்டிய வேரையும் சிறு குச்சிகளையும் நீங்களே வெட்டலாம், கிளையை மட்டும் மரத்துக்காரரைக் கொண்டுதான் வெட்டவைக்க வேண்டும். ஜெர்மனியில் 910-ஆவது பிரிவு கிளைக்கு நியாயமான கெடு வைக்கச் சொல்கிறது, கெடு தாண்டிய பிறகே வெட்டலாம். உங்களுக்குத் தொந்தரவே இல்லாத கிளையை அங்கே வெட்டவும் முடியாது. ஜப்பானில் நெடுங்காலம் வேரை வெட்டலாம், கிளையை வெட்டக் கூடாது என்று இருந்தது. 2023 ஏப்ரல் முதல், சொல்லியும் வெட்டாவிட்டால் நாமே வெட்டலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஆக, முன்னறிவிப்பு தேவையில்லை என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்ததால் கெட்டுப்போனவர் எந்த நாட்டிலும் இல்லை.

இன்னும் முக்கியமானது, பாதுகாக்கப்பட்ட மரமா என்பது. இதை மறந்தவர்கள்தான் உண்மையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இங்கே எதிரே நிற்பது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, அரசு. இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணை போடப்பட்ட மரத்தின் கிளையை, அது உங்கள் பக்கம் நீண்டிருந்தாலும், உள்ளாட்சியின் அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த தெருவில் ஆறு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் டெல்லிக்கு 1994-இல் வந்த மரப் பாதுகாப்புச் சட்டம், கர்நாடகாவுக்கு 1976-இல் வந்தது, மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-இல் வந்தது என்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டங்கள் உண்டு. கிளை கழிப்பதற்கும் அனுமதி வேண்டுமா, மரத்தை வீழ்த்துவதற்கு மட்டுமா என்பது அந்தந்தச் சட்டத்தின் சொற்களைப் பொறுத்தது. பறவை கூடு கட்டியிருக்கும் காலத்தில் வெட்டுவதும் சில நாடுகளில் தனிக் குற்றம். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு தடவை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கிளை உங்கள் பக்கம் இருந்தாலும் பழம் அவருடையது. வெட்டிய கிளையும் அவருடையதுதான். 1919-இல் இங்கிலாந்தில் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற வழக்கில், தன் பக்கம் நீண்ட கிளையிலிருந்த ஆப்பிள்களைப் பறித்து விற்றவர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. கிளையை வெட்டும் உரிமை, காயை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தரவில்லை என்றது நீதிமன்றம். ஜெர்மனியும் பிரான்ஸும் இதில் நேர்மாறு. தானாக விழுந்த பழம் யார் நிலத்தில் விழுந்ததோ அவருக்கே என்று அங்கே சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஆனால் உலுக்கி விழவைத்தால் அந்த விதி பொருந்தாது. பழைய ரோமாபுரியிலோ, பக்கத்து நிலத்தில் விழுந்த தன் மரத்துப் பழத்தைப் பொறுக்க மரத்துக்காரரை ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே விட வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் வருடமாக இதே சண்டைதான். நடைமுறையில், பழத்துக்காக யாரும் நீதிமன்றம் ஏறி வென்று சந்தோஷமாகத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. விழுந்ததை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள், வேண்டாம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளைகளை மட்டும் அவர் வாசலில் எறியாதீர்கள். எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே அப்புறப்படுத்துங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்ததுதான். சட்டம் எல்லைக்கோட்டில் வெட்டு என்கிறது. மரத்துக்கு அந்தக் கோடு தெரியாது. கிளையின் நடுவில் வெட்டினால் குச்சிபோல் ஒரு முண்டு நிற்கும், அது காய்ந்து, அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். சுற்றிலும் பலவீனமான தளிர்கள் கொத்தாக வெடிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாக உங்கள் மேலேயே வந்து விழும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த ஒரு வளையம் இருக்கும். அதை ஒட்டி, அதைக் காயப்படுத்தாமல் வெட்டினால்தான் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். அந்த இடம் பெரும்பாலும் அவர் பக்கம் இருக்கும். அதாவது சரியான வெட்டுக்கு அவருடைய சம்மதம் வேண்டும், அவர் சம்மதமில்லாமல் நீங்கள் வெட்டக்கூடிய இடம் மோசமான இடம். சட்டத்தில் தேவையில்லாவிட்டாலும் முதலில் பேசுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

வேர் இன்னும் ஆபத்து. மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பவை அடிமரத்தை ஒட்டிய தடித்த வேர்கள். அடிமரத்தின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டினால் மரம் சாய வாய்ப்பு அதிகம் என்பது மரப் பராமரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவருடைய மரமோ சுவரை ஒட்டி நிற்கிறது. ஒரு குடும்பம் சுவரோரமாக ஆழமாகப் பள்ளம் தோண்டி வேர்களை ஒரே நாளில் அறுத்தது. அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்ந்தது, சாய்ந்தது வேர் இருந்த பக்கமா இல்லாத பக்கமா என்று வழக்கறிஞர்கள் வாதாடுவதற்குள் அந்தக் குடும்பத்தின் சமையலறைக் கூரை போய்விட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கலிபோர்னியாவில் 1994-இல் பூஸ்கா எதிர் படேல் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் நிலத்தில் இருக்கும் வேரை வெட்டுவதற்கும் நியாயமான கவனம் வேண்டும், அண்டைவீட்டு மரத்தைக் கொன்றுவிடும்படி வெட்ட முழு உரிமை கிடையாது என்றது. எல்லைக்கோட்டோடு நின்றேன் என்பது மட்டும் எல்லா நீதிமன்றத்திலும் காப்பாற்றாது.

இனி செலவு. வெட்டும் கூலியை யார் கொடுப்பது என்றால், நீங்களே வெட்டினால் பொதுவாக நீங்களேதான். சேதம் நடந்திருந்தால் கணக்கு மாறும். இங்கிலாந்தில் 1878-இல் ஒரு குதிரை, எல்லை தாண்டி நீண்டிருந்த யூ மரத்தின் இலையைத் தின்று செத்தது. அந்த இலை விஷம். மரத்தை வைத்திருந்த கல்லறை நிர்வாகம் பணம் கொடுத்தது. 1894-இல் இன்னொரு குதிரை, கழுத்தை எல்லைக்கு அப்பால் நீட்டி அதே வகை மரத்தைத் தின்று செத்தது. அதற்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. இலை எல்லை தாண்டியதா, குதிரை எல்லை தாண்டியதா, அவ்வளவுதான் வித்தியாசம். 1904-இல், மேலே கவிந்த கிளைகளால் தன் பழமரங்கள் வளரவில்லை என்று நிரூபித்தவருக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று முடிவானது.

ஆனால் வெறும் நிழல், வெறும் சருகு என்றால் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மரத் தகராறுகளுக்கென்றே 2006-இல் ஒரு சட்டம் வந்தது. அங்கே 2007-இல் நீதிமன்றம் வகுத்த கொள்கை, நகரத்தில் மரங்களோடு வாழ்கிறவர்கள் சருகு கூட்டுவதும் கூரைவாரி சுத்தம் செய்வதும் சாதாரண வேலை, அதற்காக மரத்தை வெட்ட உத்தரவிட மாட்டோம் என்பது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் இன்னும் கடுமை: நல்ல நிலையிலுள்ள மரத்தின் கிளையோ வேரோ சேதம் செய்தாலும் வழக்குப் போட முடியாது, வெட்டிக்கொள்ளத்தான் முடியும் என்று 1931-இல் சொன்னதை 2018-இல் மறுபடி உறுதிசெய்தார்கள். ஹவாயிலோ 1981-இல், சேதமோ உடனடி ஆபத்தோ இருந்தால் மரத்துக்காரரே செலவழித்து வெட்ட வேண்டும் என்றார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. அதனால் "நிச்சயம் நஷ்டஈடு கிடைக்கும்" என்று யாராவது நாட்டைக்கூடக் கேட்காமல் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் சுவர் விரிசலில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். மரம் பக்கத்தில் இருக்கிறது, சுவர் வெடித்திருக்கிறது என்பதால் மட்டும் வேர்தான் காரணம் என்றாகாது. அஸ்திவாரம் ஆழம் போதாமல் இருக்கலாம், குழாய் கசிந்து மண் இளகியிருக்கலாம், களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பியிருக்கலாம். அந்தச் சுருக்கத்துக்கு வேர் தண்ணீரை உறிஞ்சுவதும் காரணமாக இருக்கலாம், ஆனால் அதைக் காட்டப் பொறியாளரின் அறிக்கை வேண்டும். விரிசலின் இரு பக்கமும் கோடு போட்டுத் தேதியோடு மாதாமாதம் அளந்து வையுங்கள், வேர் தெரியும் இடத்தைப் படம் எடுங்கள். வேர்தான் காரணம் என்று தெரிந்தாலும், முதலில் அவருக்குச் சொல்லி, சரிசெய்ய நேரம் கொடுத்திருக்க வேண்டும். 2001-இல் லண்டனில் நடைபாதை மரத்தின் வேரால் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் விரிசல் கண்டது. பிரபுக்கள் சபை உள்ளாட்சியைப் பணம் கொடுக்கச் சொன்னது. அதற்கு முக்கியக் காரணம், அவர்களுக்கு முன்பே தெரிவித்தும் மரத்தை அகற்றாமல் இருந்தார்கள் என்பது.

கிளை முறிந்து விழும் பயத்துக்கும் இதே நூல்தான் ஓடுகிறது. 1926-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: சாலை மேல் நீண்ட ஒரு கிளை நல்ல வானிலையில் திடீரென முறிந்து ஒரு வண்டி மேல் விழுந்தது. உள்ளே இருந்த வெடிப்பு வெளியே தெரியாதது, சாதாரணப் பார்வையில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, அதனால் மரத்துக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. தெரியாத ஆபத்துக்குப் பொறுப்பில்லை, தெரிந்தும் சும்மா இருந்தால் பொறுப்பு உண்டு. வாய்மொழியாக இரண்டு வருடம் சொன்னீர்கள், ஆனால் நாளை அவர் "எனக்குத் தெரியாதே" என்றால் உங்களிடம் என்ன இருக்கிறது? ஒரு கடிதம் அந்தக் கதவை அடைத்துவிடும். இந்தியாவில் என்றால், விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையில் மரம் இருக்கும்போது நிர்வாக நடுவரிடம் (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) மனுக் கொடுத்து அகற்றும் உத்தரவு கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 152-ஆவது பிரிவு. அங்கேயும் முதலில் கேட்பது, அவரிடம் சொன்னீர்களா என்பதுதான்.

சரி, அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? அரைப் பக்கம் போதும். எந்தக் கிளை, எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, அதனால் என்ன நடந்தது அல்லது நடக்கக்கூடும், எத்தனை நாளுக்குள் என்ன செய்யக் கேட்கிறீர்கள், இல்லையென்றால் எல்லை வரை தகுந்த ஆளை வைத்து நீங்களே கழிப்பீர்கள், இவை மட்டும். படங்களை இணையுங்கள். கூலியில் பாதி தருகிறேன் என்று எழுதலாம், அது உங்கள் உரிமையைக் குறைக்காது, பல நேரம் காரியத்தை முடித்துவிடும். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், பழைய சண்டையை இழுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அனுப்பும் முன்தினம் நேரில் போய், "ஒரு கடிதம் வரும், கோபப்படாதீர்கள், கணக்குக்காகத்தான்" என்று சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் கடிதம் கையில் கிடைத்த வாரத்திலேயே ஆள் கூப்பிட்டு வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டவில்லை, வெட்ட விடவும் மாட்டேன் என்று நின்றால் சமரச மையம், அதற்கும் வராவிட்டால் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய் அல்லது செய்யாதே என்ற உத்தரவு) கேட்டு வழக்கு. அது வருடக்கணக்கில் இழுக்கும், அந்த வருடங்களில் தினமும் அவர் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். கிளை ஏற்கெனவே முறிந்து தொங்குகிறது, மின்கம்பியில் உரசுகிறது என்றால் இந்த வரிசை எதற்கும் காத்திருக்காதீர்கள், கம்பியை மின்வாரியத்தாரோ அதுபோன்ற துறையினரோ மட்டும் தொடட்டும்.

மரத்தை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையில்லை. அடிமரம் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, உங்கள் பத்திரத்தில் எல்லை எப்படி எழுதியிருக்கிறது, எந்த நாடு, எந்த மாநிலம், இந்த விவரங்களை எழுதுங்கள். கடிதத்தின் வரைவையும் இங்கே போட்டால், பெயர்களை நீக்கிவிட்டு, அனுப்பும் முன் ஒரு தடவை படித்துச் சொல்கிறேன்.